எதிர்முறை அடுக்கு: எபிரேய விவிலியக் கவிதையில் கண்ணாடி அமைப்பு

எபிரேய விவிலியத்தின் கவிதைப் பகுதிகளில், சொற்களோ கருத்துகளோ ஒரு வரிசையில் வந்து, பின்னர் அதே வரிசை தலைகீழாகத் திரும்பிவரும் அமைப்பு எதிர்முறை அடுக்கு எனப்படும். முதலில் வந்தது கடைசியிலும், இரண்டாவதாக வந்தது கடைசிக்கு முன்பும் அமையும். சில பாடல்களில் இரண்டு பாதிகளும் நேருக்கு நேர் முட்டி நிற்கும். வேறு சிலவற்றில் இரண்டுக்கும் நடுவே இணையில்லாத ஓர் அடி தனித்து நிற்கும். பிந்திய வகையை நடுவம் கொண்ட அமைப்பு என்று பிரித்துக் கூறுவோர் உளர். பாடலின் முதலடியே முடிவடியாகத் திரும்புவது, சங்கீதம் 8-இல் உள்ளதுபோல, இதன் மிக எளிய வடிவம் என்பர். அதைத் தனி வகையாகக் கொள்வோரும் உண்டு.

ஐரோப்பிய மொழிகளில் இதற்குக் கியாஸ்மஸ் என்று பெயர். கிரேக்க அரிச்சுவடியில் பெருக்கல் குறிபோல் எழுதப்படும் 'கை' என்ற எழுத்திலிருந்து வந்த சொல் இது. நான்கு உறுப்புகளை இரண்டிரண்டாக இரு வரியில் எழுதி, ஒத்தவற்றைக் கோட்டால் இணைத்தால் அந்த எழுத்து உருவாகும். இக்கால எபிரேய இலக்கண நூல்களும் இக்கிரேக்கப் பெயரையே எபிரேயமாக்கி, 'தக்போலெத் கியாஸ்தித்' என வழங்குகின்றன. தக்போலெத் என்றால் இணை.

தமிழ் இலக்கணம் கற்றவர்களுக்கு நன்னூல் கூறும் எதிர் நிரல்நிறைப் பொருள்கோள் இங்கே நினைவுக்கு வரும். ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. எதிர் நிரல்நிறையில் எழுவாய்கள் ஒரு வரிசையிலும் அவற்றின் பயனிலைகள் மறு வரிசையிலும் நிற்கும். படிப்பவர் மாற்றிப் பொருத்திப் பொருள் கொள்ள வேண்டும். எபிரேய அமைப்பில் பொருத்த வேண்டியது எதுவுமில்லை. சொன்னதே திரும்பி வருகிறது, வந்த வழியே.

ஐயத்துக்கு இடமில்லாத எடுத்துக்காட்டுகள்

ஆதியாகமம் 9:6-இல், கொலைக்கு ஈடு கூறும் சட்டவாக்கின் முற்பகுதி எபிரேயத்தில் ஆறே சொற்கள் கொண்டது. சிந்துதல், இரத்தம், மனிதன்; பிறகு மனிதன், இரத்தம், சிந்துதல். செய்தவனுக்குச் செய்ததே திரும்பும் என்ற பொருளைச் சொற்களின் வரிசையே நடத்திக் காட்டுகிறது. இந்த அமைப்பை விளக்கப் புகும் நூல்களில் பெரும்பாலானவை இந்த ஆறு சொற்களை எடுத்தாளுகின்றன. இதைவிடச் சுருக்கமான எடுத்துக்காட்டைக் காண்பது அரிது.

ஏசாயா 6:10-இல் இதயம், காது, கண் என்ற வரிசை கண், காது, இதயம் எனத் திரும்புகிறது. ஆமோஸ் 5:4–6-இல் தேடிப் பிழைக்குமாறு ஓர் அழைப்பு. பின்னர் பெத்தேல், கில்கால், பெயெர்செபா என்னும் மூன்று வழிபாட்டூர்கள். பின்னர் மீண்டும் கில்கால், பெத்தேல். கடைசியில் அதே அழைப்பு. தெற்கே தொலைவிலுள்ள பெயெர்செபா நடுவில் நிற்கிறது. புனிதப் பயணம் போகிறவன் ஊர் ஊராகச் சென்று, எல்லை தொட்டு, வந்த வழியே திரும்புவதுபோல் இந்த வரிசை அமைந்துள்ளது.

சங்கீதம் 1-இன் கடைசி வசனம் வேறு விதமானது. இங்கே இலக்கண உறுப்புகளே எதிர்முறையில் நிற்கின்றன. முற்பாதி வினையில் தொடங்குகிறது. பிற்பாதி வினையில் முடிகிறது. நீதிமான்களின் வழியும் துன்மார்க்கரின் வழியும் நடுவில் அருகருகே வந்து, பின் பிரிகின்றன. எபிரேயத்தில் வினை வாக்கியத்தின் முதலிலும் வரலாம், கடைசியிலும் வரலாம். அதனால் இத்தகைய திருப்பம் அம்மொழிக்கு எளிது. தமிழில் வினை இயல்பாகவே ஈற்றில் நிற்பதால், மொழிபெயர்ப்பில் இரு பாதிகளும் ஒரே அச்சில் வார்த்தவையாகி, எதிர்முறை மறைந்துவிடுகிறது. சொல்லும் பொருளும் எதிர்முறையில் வரும் இடங்களில் மட்டும் தமிழ் வாசகர் இந்த அமைப்பை அப்படியே காண முடியும்.

தோற்றம்

விவிலியக் காலத்து எபிரேயர் எழுதிய யாப்பு நூலோ அணி நூலோ நமக்குக் கிடைக்கவில்லை. எனவே புலவர்கள் இந்த அமைப்பை என்ன பெயரிட்டு அழைத்தனர், மாணவர்களுக்கு எப்படிக் கற்பித்தனர் என்பன பாடல்களிலிருந்தே ஊகிக்கப்படுகின்றன. சிரியாவின் கடற்கரையில் ராஸ் ஷம்ரா என்னுமிடத்தில் 1929-இல் தொடங்கிய அகழாய்வு பண்டைய உகரித் நகரத்தை வெளிக்கொணர்ந்தது. அங்குக் கிடைத்த களிமண் பலகைகளின் எழுத்து அடுத்த ஆண்டே படித்தறியப்பட்டது. எபிரேயத்துக்கு உறவான அம்மொழியின் காவியங்கள் கி.மு. 2-ஆம் ஆயிரத்தாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தவை. அவற்றிலும் இணையடிகளும் எதிர்முறை அடிகளும் உள்ளன. ஆகவே இந்த அமைப்பு இஸ்ரயேலர் படைத்ததன்று, கானானியக் கவிமரபிலிருந்து அவர்களுக்கு வந்தது என்ற கருத்து வலுப்பெற்றது. அக்காதிய, கிரேக்க இலக்கியங்களிலும் இதன் வடிவங்கள் காணப்படுவதால், இது எந்த ஒரு மரபுக்கும் உரியதன்று, வாய்மொழிப் புலமையின் பொதுச்சொத்து என்பாரும் உளர்.

அரிச்சுவடியே இதற்கு வித்தாகியிருக்கலாம் என்பது மற்றொரு கருத்து. எபிரேயருக்கு 22 எழுத்துகள். அவற்றை நடுவில் மடித்து, முதல் எழுத்துக்குக் கடைசி எழுத்தையும் இரண்டாவதற்குக் கடைசிக்கு முந்தியதையும் ஈடாக வைக்கும் மறைமொழிக்கு 'அத்பாஷ்' என்று பெயர். எரேமியா 25:26-இல் வரும் சேசாக்கு என்னும் பெயரை இம்முறையில் மாற்றினால் பாபேல் என்று கிடைக்கும். அரிச்சுவடியைக் கண்ணாடியில் பார்க்கும் பழக்கம் எழுத்தறிந்தவர்களிடம் இருந்தது என்பதற்கு இது சான்று. கவிதை அமைப்பு இதிலிருந்துதான் பிறந்தது என்பதற்குச் சான்றாகாது.

புலம்பல் நூலில் இவ்விரண்டும் சந்திப்பதாகத் தோன்றுகிறது. அதன் முதல் நான்கு அதிகாரங்கள் அகரவரிசையில் அமைந்தவை. முதலிரண்டு அதிகாரங்களில் முதல் வசனத்தின் சொல் ஒன்று 22-ஆம் வசனத்திலும், இரண்டாம் வசனத்தினது 21-ஆம் வசனத்திலும் எனச் சொற்கள் எதிர்முறையில் திரும்புவதை, ஆல்பெர்ட் கொந்தமின் என்னும் பிரெஞ்சு இயேசு சபையார் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்துக்காட்டினார். அகரவரிசை முன்னோக்கி ஓட, சொற்கள் நடுவை நோக்கி மடிகின்றன. அழிந்த நகரத்துக்காக அழுதவர்கள் இத்தனை கட்டுப்பாட்டுக்குள் நின்று அழுதார்கள் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

யூத உரைமரபு

தல்மூதில் நெதாரிம் என்னும் பகுதியின் தொடக்கத்தில், மிஷ்னா இரண்டு பொருள்களைக் கூறிவிட்டுப் பிந்தியதை முதலில் விளக்கப் புகுவது ஏன் என்ற கேள்வி எழுப்பப்படுகிறது. ஸ்பெயினில் பிறந்த 12-ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் ஆபிரகாம் இப்னு எஸ்ரா, இரண்டைக் கூறி, அருகில் நிற்கும் பிந்தியதிலிருந்து தொடங்குவது எபிரேய மொழியின் வழக்கம் என்று குறித்தார். இவை சொல்வரிசை பற்றிய குறிப்புகள். கவிதை இலக்கணமாக இவை விரிக்கப்படவில்லை.

லோத் முதல் பாய்ஸ் வரை (1741–1825)

எபிரேயக் கவிதையின் அடிப்படை இணையடி என்பதை ஐரோப்பியப் புலமையுலகில் நிலைநாட்டியவர் ராபர்ட் லோத். 1741-இல் ஆக்ஸ்போர்டில் கவிதைப் பேராசிரியராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர், எபிரேயரின் திருக்கவிதை குறித்து லத்தீனில் ஆற்றிய 34 சொற்பொழிவுகள் 1753-இல் நூலாயின. கோட்டிங்கனில் மிகாயேலிஸ் தம் குறிப்புகளோடு அதை மறுபதிப்பிட்டார். 1787-இல் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. லோத் பின்னாளில் லண்டன் பேராயரானார். 1778-இல் ஏசாயா நூலைப் புதிதாக மொழிபெயர்த்து, அதன் முன்னுரையில் தம் கொள்கையை விரித்துரைத்தார். 16-ஆம் நூற்றாண்டு இத்தாலிய யூத அறிஞர் அசரியா தெ ரோசியின் கருத்துகளை அம்முன்னுரையில் மதிப்போடு எடுத்தாண்டிருப்பது குறிப்பிடத்தக்கது.

லோத் இணையடிகளை மூன்றாகப் பிரித்தார்: ஒரு பொருளையே இருமுறை கூறுவது, எதிர்ப்பொருளைக் கூறுவது, பொருளைத் தொடர்ந்து வளர்ப்பது. மூன்றுமே அடுத்தடுத்த அடிகளின் உறவைப் பற்றியவை. முதலடியும் எட்டாமடியும் ஒன்றையொன்று நோக்கி நிற்கக்கூடும் என்பதற்கு இப்பகுப்பில் இடமில்லை.

இதற்கிடையில், ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க் நாட்டைச் சேர்ந்த யோகான் ஆல்பிரெக்ட் பெங்கெல், 1742-இல் வெளியிட்ட புதிய ஏற்பாட்டு உரையில் கியாஸ்மஸ் என்ற சொல்லையே ஆண்டு, நேர், எதிர் என இருவகை வகுத்தார். அவர் எடுத்துக்கொண்டது கிரேக்க உரைநடை. அந்தச் சொல் எபிரேயக் கவிதையின் பக்கம் வந்து நிலைபெற நெடுங்காலம் ஆயிற்று.

லோத் விட்ட இடத்தை நிரப்பியவர் அயர்லாந்தின் ஜான் ஜெப். லிமரிக் அருகே ஆபிங்டன் என்ற நாட்டுப்புறப் பங்கில் குருவாக இருந்து, பின்னர் லிமரிக் பேராயரானவர். 1820-இல் வெளிவந்த அவருடைய 'திரு இலக்கியம்' என்னும் நூல் லோத்தின் கொள்கையை மறு ஆய்வு செய்வது. ஒரே பொருளை இருமுறை கூறும் இணை என்ற பெயரே பொருந்தாது, இரண்டாமடி முதலடியை எப்போதும் ஏதோ ஒரு வகையில் மிஞ்சுகிறது என்று அவர் வாதிட்டார். அதோடு நான்காவதாக ஒரு வகையைச் சேர்த்தார். அடிகள் எத்தனையாயினும் முதலடி கடைசியடிக்கும், இரண்டாமடி கடைசிக்கு முந்தியதற்கும் இணையாகி, உள்நோக்கிச் செல்லும் வகை அது. அதற்கு அவர் இட்ட பெயர் 'உள்முக இணை'.

சிலைகளைப் பற்றிய சங்கீதம் 135:15–18, தந்தை மகனுக்குக் கூறும் நீதிமொழிகள் 23:15–16 ஆகியன ஜெப் காட்டிய எடுத்துக்காட்டுகளில் முதன்மையானவை. புதிய ஏற்பாட்டிலும் எபிரேயக் கவிமரபு தொடர்கிறது என்பதற்கு அவர் மத்தேயு 7:6-ஐக் காட்டினார். அங்கே நாய்களும் பன்றிகளும் கூறப்பட்டு, மிதிப்பதும் திரும்பிப் பீறுவதும் பின்னர் கூறப்படுகின்றன. வரிசைப்படி படித்தால் பீறுவது பன்றி என்றாகும். எதிர்முறையில் படித்தால் மிதிப்பது பன்றி, பீறுவது நாய். படிப்பவரை உறுத்தி வந்த ஓர் ஐயத்தை அமைப்பு அறிவு ஒரே வரியில் தீர்த்துவைத்தது. ஜெப்பின் நூல் முழுவதிலும் இந்த இடம் தனி ஒளியோடு நிற்கிறது. இந்த அமைப்பு ஏன் தோன்றியது என்பதற்கும் அவர் விடை கூற முயன்றார். இரண்டு கருத்துகளில் எது மேலானதோ அதைத் தொடக்கத்திலும் முடிவிலும் நிறுத்திக் கேட்பவர் மனத்தில் பதியச் செய்வதே நோக்கம் என்றார்.

ஜெப் தொடங்கியதை எல்லைவரை கொண்டுசென்றவர் தாமஸ் பாய்ஸ். கடற்படைத் தளபதி ஒருவரின் மகன்; கேம்பிரிட்ஜில் படித்தவர். படிப்பு மிகுதியால் உடல்நலம் குன்றவே, வெலிங்டனின் படையோடு ஐபீரியத் தீபகற்பத்துக்குச் சென்று, 1814-இல் துலூஸ் போரில் காயமுற்றார். படைவாழ்வின் ஓய்வு நேரங்களில் விவிலியத்தைப் போர்த்துக்கீசிய மொழியில் பெயர்க்கும் பணியில் ஈடுபட்டார் என்று அவர் வரலாறு கூறுகிறது. 1824-இல் அவர் வெளியிட்ட நூலின் பெயர் 'தாக்திகா சாக்ரா'. படையை அணிவகுத்து நிறுத்தும் கலைக்குரிய சொல்லை வேதத்தின் சொற்களுக்கு ஆக்கிய பெயர். போர்க்களத்தில் வரிசைகளைக் கண்டவர் நிருபங்களிலும் வரிசைகளைக் கண்டார். அடுத்த ஆண்டு வந்த 'சங்கீதங்களின் திறவுகோல்' முழுச் சங்கீதங்களையும் அட்டவணையாக்கியது. இணைந்த பகுதிகளுக்கு ஒரே எழுத்தை இட்டு, உள்ளே செல்லச் செல்ல வரியைத் தள்ளி அச்சிடும் முறையை அவர் கையாண்டார். இன்றும் ஆய்வுக் கட்டுரைகளில் இந்த அமைப்பு ஏறக்குறைய அப்படியே அச்சாகிறது.

பாய்ஸ் ஓர் அடிப்படை மாற்றத்தையும் செய்தார். லோத்துக்கு இணை என்பது அடிகளின் உறவு. ஜெப்புக்குச் செய்யுள்பகுதிகளின் உறவு. பாய்ஸுக்கோ முழுப் பாடலின், முழு நிருபத்தின் உறவு. பிற்காலத்து விவாதங்கள் எல்லாம் இந்த விரிவிலிருந்து கிளைத்தவையே.

பிந்திய 19-ஆம் நூற்றாண்டு

ஸ்காட்லாந்தின் ஜான் போர்ப்ஸ் 1854-இல் இத்துறையில் ஒரு நூல் வெளியிட்டார். பாய்ஸின் சங்கீதப் பணியை இ. டபிள்யூ. புல்லிங்கர் 1890-இல் பதிப்பித்தார். இக்காலத்தில் ஜெர்மானிய ஆய்வு மூலநூல்களைப் பிரித்தறிவதில் ஊன்றி நின்றதால், முழுமையின் வடிவத்துக்கு அங்கே கவனம் குறைவாகவே கிடைத்தது.

20-ஆம் நூற்றாண்டு

சுவீடனில் பிறந்து சிகாகோவில் பணியாற்றிய நில்ஸ் லுண்ட், பழைய ஏற்பாட்டில் இந்த அமைப்பைப் பற்றி 1930-இல் கட்டுரை எழுதினார். 1942-இல் வந்த அவருடைய நூல் புதிய ஏற்பாட்டைப் பற்றியது என்றாலும், அதன் வேர் எபிரேயக் கவிதையில் உள்ளது. அவர் ஏழு விதிகள் வகுத்தார். நடுவமே திருப்புமுனை, கருத்தின் போக்கு அங்கே மாறும், விளிம்புகளில் வந்த கருத்து நடுவிலும் தலைகாட்டும், சங்கீதங்களில் இறைப்பெயர் நடுவை நாடும் என்பன அவற்றுள் சில. விதி என்ற சொல் மிகையானது என்று பின்னர் வந்தவர்கள் கருதினாலும், அவதானிப்புகள் பயனுள்ளவை.

பழைய நூலை மேற்கோள் காட்டும் விவிலிய ஆசிரியர், மேற்கோளின் உறுப்புகளை இடம் மாற்றியே எடுத்தாள்வார் என்ற கருத்தை 1950-களில் மோஷே சைடல் முன்வைத்தார். இது இன்று 'சைடல் விதி' என வழங்குகிறது. மிட்செல் தகூத் 1965-இலிருந்து வெளியிட்ட மூன்று பகுதிச் சங்கீத உரை உகரித்திய ஒப்பீடுகளால் நிறைந்தது. அவற்றுள் பல இன்று ஏற்கப்படுவதில்லை. 1981-இல் ஜான் வெல்ச் தொகுத்த 'பண்டைக் காலத்தில் கியாஸ்மஸ்' சுமேர், உகரித் முதல் கிரேக்கம், லத்தீன்வரை பல இலக்கியங்களை ஒருங்கே ஆராய்ந்தது. அதில் எபிரேயக் கவிதை பற்றி எழுதிய வில்பிரெட் வாட்சன், 1984-இல் தம் எபிரேயக் கவிதை நூலிலும் இதற்கு நல்ல இடம் தந்தார். வெல்ச் முன்னதாக 1967-இல், மோர்மன் நூலில் இத்தகைய அமைப்புகள் இருப்பதாகக் கண்டவர். அந்நூலின் பழைமைக்கு இது சான்றாகுமா என்பது மோர்மன் சபையினருக்கும் பிறருக்கும் இடையே தீராத விவாதம்.

கருத்து வேறுபாடுகள்

ஒரு வசனத்துக்குள், ஓரிரு செய்யுள்பகுதிகளுக்குள் எதிர்முறை அடுக்கு உண்டு என்பதை மறுப்பார் இலர். அளவு பெருகப் பெருக உடன்பாடு குறைகிறது. ஆமோஸ் 5:1–17 முழுவதுமே எதிர்முறையில் அமைந்தது என்றும், அதன் நடுவில் இறைவனின் பெயரைக் கூறும் இரண்டே எபிரேயச் சொற்கள் நிற்கின்றன என்றும் 1977-இல் யான் தெ வார்த் வாதிட்டார். அந்த நடுப்பகுதியோ பிற்காலத்தில் செருகப்பட்ட துதிப்பாடலின் துண்டு என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அப்படியானால் அமைப்பு தீர்க்கதரிசியினுடையதா, தொகுத்தவருடையதா என்பது முடிவுறாத கேள்வி. உரைநடையான நோவாவின் வெள்ளக் கதையைப் பற்றியும் இத்தகைய விவாதம் உண்டு. கோர்டன் வென்ஹாம் 1978-இல் அதை ஒரே கண்ணாடி அமைப்பாகக் காட்ட, ஜே. ஏ. எமர்டன் அதை விரிவாக மறுத்தார்.

மறுப்பவர்களின் முதன்மையான வாதம் தலைப்பிடுதலைப் பற்றியது. ஒரு பகுதிக்கு ஆய்வாளர் இடும் தலைப்பில் இணை இருக்கும்; மூலத்தின் சொற்களில் இராது. பகுதிகளின் எல்லையை விரும்பியபடி நகர்த்தலாம். பொருந்தாத வசனத்தை விட்டுவிடலாம். 1992-இல் மைக் பட்டர்வொர்த் சகரியா நூலை வைத்து இதை ஆராய்ந்து, அரிய சொற்கள் திரும்பி வருவதை மட்டுமே உறுதியான சான்றாகக் கொள்ள வேண்டும் என்ற பாங்கில் கடுமையான நெறிகளை வற்புறுத்தினார். இந்த எச்சரிக்கை நியாயமானது. ஆதியாகமத்தின் அந்த ஆறு சொற்களுக்கு எவரும் தலைப்பிட வேண்டியதில்லை.

2007-இல் மானிடவியலாளர் மேரி டக்ளஸ், உலகின் பல மரபுகளில் காணப்படும் வளைய அமைப்பைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். எண்ணாகமம், லேவியராகமம் பற்றிய அவருடைய முந்தைய ஆய்வுகளும் இத்திசையில் அமைந்தவை. அண்மைக் காலத்தில் கணினி வழியாகச் சொல் மீள்வரவை ஆராயும் முயற்சிகளும் நடைபெறுகின்றன.

விளக்குத்தண்டுச் சங்கீதம்

அறிஞர்கள் பெயரிடும் முன்பே இந்த அமைப்பைக் கண்டுகொண்ட கைகள் இருந்தன. சங்கீதம் 67 (கத்தோலிக்க வழக்கில் திருப்பாடல் 67), தலைப்பு நீங்கலாக ஏழு வசனங்கள் உடையது. எபிரேயத்தில் அவ்வசனங்களின் சொல்லெண்ணிக்கை முறையே 7, 6, 6, 11, 6, 6, 7. நடு வசனத்துக்கு இருபுறமும் ஒரே பல்லவி சொல் மாறாமல் நிற்கிறது. நாடுகள் அனைத்தும் மகிழ வேண்டும் என்ற விருப்பம் நடுவில் நிற்க, விளிம்புகளில் இறைவனின் ஆசி வருகிறது. யூதப் படியெடுப்பாளர்கள் லோத் பிறப்பதற்கு முன்பே இப்பாடலை ஏழு கிளை விளக்குத்தண்டின் வடிவில் எழுதி வந்தனர். நடு வசனம் தண்டாக, மற்ற ஆறும் பக்கத்துக்கு மூன்றாகக் கிளைக்கும். தாவீதின் கேடயத்தில் இப்பாடல் இவ்வடிவில் பொறிக்கப்பட்டிருந்தது என்பது பிற்கால மரபுக் கதை. வரலாற்றுச் சான்று இல்லாவிடினும், இந்த வடிவத்தின் மேல் மக்கள் கொண்ட அன்பை அது காட்டுகிறது.

மொத்தச் சொற்கள் 49. பஸ்காவுக்கும் வாரங்களின் திருநாளுக்கும் இடைப்பட்ட நாள்களும் 49. அந்நாள்களை எண்ணும் இரவுகளில் இப்பாடலை ஓதும் வழக்கம் பல யூதச் சமூகங்களில் உள்ளது. விளக்குத்தண்டு வடிவில் அச்சிட்ட இதன் படி இன்றும் வழிபாட்டு நூல்களிலும் தொழுகைக்கூடச் சுவர்களிலும் காணக்கிடைக்கிறது.